அவள் சாப்பிட்டாளா?

மலர்க் குழுவினர் இந்த ஆண்டு எனக்குக் கொடுத்த பொருள் ‘அன்றாட வாழ்வில் மகிழ்ச்சி’. சாப்பாடு, சிநேகிதர்கள், குடும்பத்தோடு ஒருநாள் வெளியே போய்வருவது ஆகிய இவற்றைப் பற்றி நம் இலக்கியம் என்ன சொல்கிறது என்று எழுதித் தாருங்கள் என்றார்கள். இருபது ஆண்டுகளாக நான் மேடையில் பேசி வரும் பொருள்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. கேட்டவர் என் மனைவி. கேட்ட இடம் போரிவலி.

சென்ற ஆண்டு சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலா கான்ஹேரிக் குகைகளுக்கு. வந்தவர்களுக்கு நினைவிருக்கும். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் கரும்பாறையைக் குடைந்து செய்த நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள் அவை. கி.மு. முதல் நூற்றாண்டளவில் தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அங்கே குடைந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். பதினோராம் குகையில் நீளவாக்கில் இரண்டு தாழ்வான கல் திண்ணைகள் இருக்கின்றன. துறவிகள் கூடிப் பேசவும் கூடி உண்ணவும் பயன்பட்ட மண்டபம் என்று சொல்வார்கள். பந்தி வரிசை மாதிரியே இருக்கிறது என்று பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு கீழே இறங்கி, மர நிழலில் நாமும் பந்தி போட்டோம். ஆறேழு வீடுகளிலிருந்து வந்த டப்பாக்கள் திறந்தன. புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், மோர் மிளகாய். குரங்குகளை விரட்ட இரண்டு பேர் கம்போடு நின்றார்கள்.

சாப்பாடு முடிந்ததும் என்னைப் பேசச் சொன்னார்கள். குறுந்தொகை 167ஆம் பாடலைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். புதுக்குடித்தனம் போன பெண் கணவனுக்கு முதன்முதலாகத் தன் கையால் மோர்க்குழம்பு மாதிரி ஒன்று சமைத்துப் போடுகிறாள். நன்றாயிருக்கிறது என்று அவன் சாப்பிடுகிறான். அவள் முகத்தில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மகிழ்ச்சி படர்கிறது. ‘ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய நம் வீட்டுச் சமையலறையைப் பாருங்கள்’ என்று முடித்தேன். நல்ல கைதட்டல்.

என் மனைவி குழாயடியில் டப்பாக்களை அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன்.

“என்னங்க, அந்தப் பொண்ணு சாப்பிட்டாளா?”

“எந்தப் பொண்ணு?”

“நீங்க இப்ப சொன்ன பாட்டுல வர்றவதான். அவரு சாப்பிட்டாரு, நல்லாருக்குன்னாரு, இவ முகம் மலர்ந்துச்சு. சரி, இவ சாப்பிட்டாளா?”

“பாட்டுல அது இல்லையே.”

“அதானே,” என்று சொல்லிவிட்டு அடுத்த டப்பாவை எடுத்தாள்.

திரும்பி வரும்போது லோக்கல் ரயிலில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. பையிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். என்னவென்று கேட்டால், “புளியோதரை தீர்ந்துபோச்சுங்க, பரவால்ல” என்றாள். அன்று நாற்பது பேருக்கு வேண்டி விடியற்காலை மூன்றரைக்கு எழுந்தவள் அவள்.

ஆகவே இந்தக் கட்டுரை வாசகர்களுக்கு எழுதியது மட்டுமல்ல. அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடையும்கூட.

பாட்டை மறுபடியும் படித்தபோது

வீட்டுக்கு வந்ததும் குறுந்தொகையை எடுத்தேன். உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பின் வழி வந்த நூல்தான் என்னிடம் இருப்பது. பாடியவர் கூடலூர் கிழார். திணை முல்லை. கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். பிசைந்த விரலைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு, அதை மாற்றாமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் ஏறுகிறது. நகராமல் நின்று தானே கிளறிச் சமைக்கிறாள். இதற்குப் பிறகுதான் கணவன் வருகிறான். அவன் வந்து, உண்டு, ஒரு சொல் சொல்வதற்கு ஆகும் இடம் மிகக் கொஞ்சம்.

நான் மேடையில் பேசும்போது அந்தக் கடைசிப் பகுதியைத்தான் விரித்துப் பேசுவேன். கறைபட்ட புடவையையும் புகை ஏறிய கண்ணையும் ‘அன்பின் அடையாளம்’ என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுவேன். புலவரோ அங்கேதான் அதிக நேரம் நின்றிருக்கிறார்.

இன்னொன்று. இந்தப் பாட்டைச் சொல்பவர் யார்? கணவன் இல்லை, அவளும் இல்லை. பெண்ணின் குடித்தனத்தைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்வதாக அமைந்தது. கணவன் குழம்பின் ருசியைச் சொன்னான். அவன் கண்ணில் புகை பட்டதா, புடவைக் கறை பட்டதா என்று பாட்டில் இல்லை. அதையெல்லாம் பார்த்தவள் செவிலி. அந்தப் பெண்ணை வளர்த்தவள். அவளுக்கு எந்த வேலையும் பழக்கமில்லை என்று தெரிந்தவள். அதனால்தான் அந்தக் குழம்புக்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரிகிறது. மகிழ்ச்சியை மட்டும் பாடியிருந்தால் இது ஒரு சமையல் குறிப்பாகவோ ஒரு கொஞ்சலாகவோ போயிருக்கும். உழைப்பையும் மகிழ்ச்சியையும் ஒரே பார்வையில் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று புலவர் செவிலியைக் கொண்டுவந்திருக்கிறார். இத்தனை வருஷம் பாடலைப் பேசிய நான் கணவன் இடத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். செவிலியின் இடத்துக்கு நான் போகவே இல்லை.

கண்ணகியின் அடுப்பு

இதே காட்சி சிலப்பதிகாரத்தில் இன்னும் கனமாக வருகிறது. மதுரைக்கு வெளியே, இடையர் குலத்து மாதரியின் அடைக்கலத்தில் கண்ணகி இருக்கிறாள். ஆயர் பெண்கள் அரிசியும் காய்கனிகளும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். புகார் நகரத்துப் பெருவணிகர் வீட்டுப் பெண் அடுப்பின் முன் நிற்கிறாள். காய் அரிந்து விரல் சிவந்தது, முகம் வியர்த்தது, கண் சிவந்தது என்று இளங்கோவடிகள் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பிறகு கோவலனை அமர வைத்து வாழையிலையில் பரிமாறுகிறாள். பார்த்து நிற்கும் மாதரியும் ஐயையும் பூரித்துப்போகிறார்கள். உண்டு முடித்ததும் அவனுக்கு வெற்றிலை பாக்குக் கொடுக்கிறாள். அவன் தன் தவறுகளை எண்ணி வருந்திப் பேசுகிறான். அவள் சிலம்பைத் தருகிறாள். அவன் போகிறான். திரும்பி வரவில்லை.

என் மனைவியின் கேள்வியோடு இந்தப் பகுதியையும் படித்தேன். கண்ணகி சாப்பிட்டதாக அடிகளும் சொல்லவில்லை.

காப்பியம் முழுவதிலும் கண்ணகிக்குக் கிடைத்த வீட்டு இன்பம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால், தொடக்கத்தில் சில ஆண்டுகளும் கடைசியில் அந்த ஒரு வேளையும்தான். அன்றாட இன்பம் என்பது அன்றாடம் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே ஒருமுறை கிடைத்தவர்களும் இருக்கிறார்கள்.

நண்பர்களும் உலாவும்

சிநேகத்துக்கு வருகிறேன். நம் சங்கத்தில் நட்பைப் பற்றிப் பேசினால் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் வராமல் இருக்கமாட்டார்கள். சோழன் உறையூரில், புலவர் பாண்டிய நாட்டில். நேரில் பார்க்காமலே வளர்ந்த நட்பு. மக்களோடு ஏற்பட்ட பகையால் மனம் நொந்து சோழன் வடக்கிருந்தபோது, பிசிராந்தையார் தேடி வந்து தாமும் உயிர் விட்டார். வடக்கிருத்தல் என்றால் உண்ணாநோன்பு. ஆக, தமிழின் மிகப் பெரிய நண்பர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதாகப் பாடல் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட நட்பை மட்டுமே உயர்த்திப் பேசிப் பேசி, சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் ஒரு கட்டிங் சாயை இரண்டு பேர் பகிர்ந்து குடிக்கும் சிநேகத்தைச் சில்லறை என்று ஆக்கிவிட்டோம்.

பிசிராந்தையாரே அப்படி நினைக்கவில்லை. வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் புறநானூற்றில் 191ஆம் பாடலாக இருக்கிறது. நல்ல மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள், மனம் அறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத அரசன், இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் ஊரில் பணிவுள்ள சான்றோர் பலர் வாழ்வது. எல்லாமே பக்கத்தில் இருக்கும் மனிதர்கள்! தனக்கு என்ன கிடைத்தது என்று அவர் கணக்குச் சொல்லவில்லை. தன்னைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்றுதான் சொன்னார்.

ஔவையாருக்கு அதியமான் நெடுமான் அஞ்சி செய்த சிறப்புகள் பல. அவன் இறந்தபின் அவர் பாடிய 235ஆம் பாடலில் முதலில் நினைவுக்கு வருவது என்ன? கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறைய இருந்தால் நாங்கள் குடித்துப் பாட, மீதியை அவன் மகிழ்ந்து குடிப்பான். சோறு கொஞ்சமானாலும் நிறையவானாலும் பலரோடுதான் உண்பான். ஒரு அரசனுக்கான இரங்கற்பாவில் வெற்றிகளுக்கு முன்னால் பந்தி வந்து நிற்கிறது. கொஞ்சமாக இருக்கும்போது யார் பட்டினி இருப்பது என்பதில் அவன் யார் என்று ஔவையார் அளந்து காட்டிவிட்டார். எங்கள் கான்ஹேரிப் பந்தியை இந்தப் பாட்டோடு வைத்துப் பார்த்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது.

வெளியே போய்வருவதற்குப் பரிபாடலின் வையைப் பாடல்களே சாட்சி. எழுபது பாடல்களில் நமக்கு முழுமையாகக் கிடைத்தவை 22. அவற்றில் எட்டு வையையைப் பற்றியவை. புதுவெள்ளம் வந்தது என்று கேட்டதும் மதுரையே கிளம்புகிறது. யானையில், குதிரையில், கால்நடையாக, அலங்காரங்களோடும் நீர் வீசி விளையாடும் கருவிகளோடும் போகிறார்கள். கரையில் ஒரே நெரிசல். நடுவில் தலைவன் தலைவி சண்டையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஜூஹு கடற்கரையைப் பார்த்தவர்களுக்கு இதில் ஒன்றும் புதிதில்லை.

ஆனால் உலா போனால் மகிழ்ச்சி தானாக வந்துவிடாது. புகாரில் இந்திரவிழா முடிந்து கோவலனும் மாதவியும் கடலாடப் போகிறார்கள். நல்ல இடம், நல்ல பொழுது, கையில் யாழ். ஒருவர் பாட்டை மற்றவர் தவறாக எடுத்துக்கொள்ள, அன்றோடு பிரிவு. இடத்தில் ஒரு குறையும் இல்லை. கூட வந்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இக்காலத்துக்கு வந்தால்

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையை மும்பைத் தமிழர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் பிழைக்கப் போன தம்பதி. கணவர் பிரமநாயகம் பிள்ளை ஜவுளிக்கடைச் சிப்பந்தி. மனைவி தீராத நோயாளி. கதை தொடங்கும்போதே அவள் உயிர் அடங்கிவிடுகிறது. மற்றதெல்லாம் பின்னோக்கிய நினைவு. அடுப்பு மூட்டுவதும் சமைத்து அவளுக்குக் கொடுப்பதும் அவர்தான். ஒருமுறை ஊருக்குப் போய்வர வேண்டும் என்ற ஆசை அவளுக்கு. அந்த வீட்டில் இன்பம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனாலும் அவள் சாப்பிட்டாளா என்று ஒரு மனிதர் நாள்தோறும் கவலைப்படுகிறார். குறுந்தொகைக் கணவன் சொன்ன ஒரு சொல்லைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் மும்பையிலேயே வாழும் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1988இல் நூலாக வந்தது. ராஜஸ்தானில் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். வீடு விசாலம், சமையலறை மட்டும் இருட்டு மூலை. உணவைக் கொண்டாடும் குடும்பம்தான். தெற்கிலிருந்து போன மருமகள் அந்த மூலையைக் கொஞ்சம் பெரிதாக்கக் கேட்கிறாள். அந்தச் சின்ன மாற்றம்கூட நடப்பதில்லை. உண்பவர்களின் இன்பமும் சமைப்பவர்களின் அடைப்பும் ஒரே கூரையின் கீழ் எப்படி இருக்கின்றன என்று காட்டுகிற கதை. அம்பைக்கு 2021இல் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது நம் சங்கத்தில் பாராட்டிப் பேசினோம். அன்றும் சிற்றுண்டி ஏற்பாட்டை மகளிர் குழுவிடம்தான் கொடுத்தோம்!

நம் மலர்களைப் பற்றி ஒரு குறை

இனி விமர்சனமாக ஒன்று சொல்ல வேண்டும். குற்றவாளிகளில் நானும் ஒருவன் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நம் கட்டுரையாளர்கள் இரண்டு வகை. ஒரு சாரார், இலக்கியம் என்றால் அறமும் வீரமும் காதலும்தான், சாப்பாட்டையும் ஊர் சுற்றுவதையும் பேசுவது அற்பம் என்பார்கள். இவர்களுக்குப் பதில் மேலே சொன்ன பாடல்களிலேயே இருக்கிறது. இன்னொரு சாரார் ‘அம்மா கைமணம்’ எழுதுபவர்கள். மலருக்கு மலர் ஒரு கட்டுரையாவது வரும். ஊர்க் குழம்பு, அம்மியில் அரைத்த துவையல், அந்த மணம் இந்த ஊரில் கிடைக்குமா என்ற ஏக்கம். நானே மூன்று எழுதியிருக்கிறேன். இரண்டாவது வகையைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுகிறேன், ஏனென்றால் அது அன்பு மாதிரியே இருக்கிறது.

என் அம்மா சயானில் ஒரு சாலில் ஒற்றை அறையில் ஆறு பேருக்கு முப்பது வருஷம் சமைத்தவள். அவள் வைக்கும் வற்றல் குழம்பைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். கான்ஹேரிக்குப் போய்வந்த வாரம் என் தங்கைக்குப் போன் பண்ணி, “அம்மாவுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?” என்று கேட்டேன். அறுபது தாண்டிய மகன் கேட்கிற கேள்வியா இது என்று அவள் நினைத்திருப்பாள். சொன்னாள்:

“வடாபாவ் அண்ணே. தாதர்ல பூ வாங்கப் போறப்ப, ஸ்டேஷன் வெளிய நின்னு ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு திம்போம். காரச் சட்னி நிறையப் போடச் சொல்லும். அப்பாட்ட சொல்லிராத புள்ளன்னு சிரிக்கும்.”

வடாபாவ் 1966இல் அந்தத் தாதர் ஸ்டேஷன் வாசலில்தான் பிறந்தது என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். எங்கள் அம்மாவின் இன்பமும் அங்கேதான் இருந்திருக்கிறது. சாதாரண உருளைக்கிழங்கு வடை. அவள் கிளறாதது, தாளிக்காதது. யாரோ செய்து, சூடாக அவள் கையில் கொடுத்தது. என் கட்டுரைகளில் அம்மா எப்போதும் பரிமாறிக்கொண்டே நின்றாள். வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரிக்கும் அம்மாவை நான் எழுதவே இல்லை. அவள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

முடிவாக

இதனால் சமைத்துப் போடுவதில் இன்பமே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதியவரைக்கும் என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். “நாப்பது பேர் சாப்பிட்டு நல்லாருக்குன்னா சந்தோஷமா இருக்காதா? இருக்கும். பசிக்கவும் செய்யும்,” என்றாள். குறுந்தொகைப் பெண்ணின் முகத்தில் படர்ந்தது உண்மையான மகிழ்ச்சிதான். அதைக் கண்ட செவிலி புகையையும் சேர்த்துச் சொன்னாள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் எழுத்தைத்தான் அன்றாட இன்பத்தைப் பற்றிய நல்ல எழுத்து என்று நான் இப்போது நினைக்கிறேன்.

நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி “சாப்பிட்டாச்சா?” என்பதுதான். வாசலில் வருகிறவரைக் கேட்கிறோம், போனில் பேசுகிறவரைக் கேட்கிறோம். கரண்டியோடு எதிரே நிற்பவரைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

இந்த ஆண்டுச் சுற்றுலாவுக்குச் செயற்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறேன். புளியோதரை ஆண்கள் பொறுப்பு. வேறு சில உறுப்பினர்களும் கை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சென்ற ஞாயிறு வீட்டில் ஒத்திகை பார்த்தேன். புளிக்காய்ச்சல் அடிப்பிடித்துவிட்டது, கண்ணில் புகை. என் மனைவி ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தாள்.

“உப்பு கொஞ்சம் கம்மி. மத்தபடி நல்லாருக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள்.